குறைஞ்சதும் வர்றோம்

விற்பனை வரியைக் குறைக்கலாமா வேண்டாமா என்று சட்டசபையில் பேச ஆரம்பித்தார்களே, அந்த வாரத்திலிருந்து அந்தப் பட்டறையில் ஒரு பீரோகூட நகரவில்லை. குறைத்துவிட்டோம் என்று சொல்லியிருந்தால் சனம் ஓடி வந்து வாங்கியிருக்கும். குறைக்க மாட்டோம், போங்கள் என்று கைவிரித்திருந்தாலும் நாலு நாள் திட்டித் தீர்த்துவிட்டு ஐந்தாம் நாள் வாங்கிப் போயிருக்கும். இரண்டையும் செய்யாமல், "அரசு பரிசீலித்து வருகிறது" என்று மந்திரி எழுந்து சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவருக்கென்ன, உட்கார நாற்காலி இருக்கிறது.

பீரோ என்ன அரிசியா பருப்பா, இன்றைக்கு வாங்காவிட்டால் அடுப்பு எரியாது என்பதற்கு? இன்னும் ஆறு மாதம் பழைய பெட்டியிலேயே துணியை வைத்துக்கொண்டால் யாரும் செத்துவிட மாட்டார்கள். இது வாங்குகிறவர்கள் பக்கத்து நியாயம். விற்கிறவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. அதைக் கேட்கத்தான் நாதியில்லை.

கடை வீட்டுக்குக் கீழேயே இருந்தது. முன்னால் தெருவைப் பார்த்த கூடம். வேலை முடிந்த பீரோக்கள் அங்கே நிற்கும். பின்னால் பட்டறை. தகட்டை அளந்து வெட்டுவது, மெஷினில் கொடுத்து மடிப்பது, பற்றவைப்பது எல்லாம் அங்கே. அதற்கும் பின்னால் தார்ப்பாய் கட்டிய கொல்லையில் பெயிண்ட் அடிப்பார்கள். மாடியில் இரண்டு அறை, ஒரு அடுப்படி. அண்ணன் தம்பி இரண்டு குடும்பத்துக்கும் ஒரே உலைதான் கொதித்தது.

அண்ணன் கடையைப் பார்த்துக்கொள்வார். நிஜமாகவே பார்த்துக்கொண்டுதான் இருப்பார். தேய்த்த சட்டையும் படிய வாரிய தலையுமாக எந்நேரமும் பெண் பார்க்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருப்பதால் தெருவில் அவருக்கு 'மாப்பிள்ளை' என்றே பெயர். தம்பி வெல்டர். பீரோத் தகடு மெல்லிசு. நெருப்பு ஒரு இடத்தில் கொஞ்சம் கூடுதலாகத் தங்கினால் ஓட்டை விழுந்துவிடும். பாலத்துக்கும் கேட்டுக்கும் பற்றவைத்துப் பழகிய எத்தனையோ பேர் இந்தத் தகட்டில் கைவைத்துச் சல்லடையாக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். இவன் கைக்கு மட்டும் அது அடங்கும். அவன் இல்லாவிட்டால் அந்தப் பட்டறை வெறும் இரும்புக் குப்பை. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், மாப்பிள்ளை உட்பட.

அவன் பற்றவைத்துவிட்டுப் போன இடமெல்லாம் மேடும் பள்ளமுமாக இருக்கும். அதில் பள்ளம் நிரப்பும் பட்டிப் பசையை அப்பி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்குவது அண்ணன் மனைவி, மூத்தவள். அவள் உள்ளங்கை எப்போதும் சாம்பல் பூத்துக் கிடக்கும். சோறு பிசையும்போதுகூடப் பட்டி வாசம் போகாது. பெயிண்ட் அடித்து நிறுத்திய பீரோவின் கதவில் தன் முகம் நெளியாமல் தெரிகிறதா என்று பார்ப்பாள். நெளிந்தால் மறுபடி தேய்ப்பாள். தம்பி மனைவி, இளையவள், அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். தற்காலிக நர்ஸ். ஆறு வருஷமாகத் தற்காலிகம்.

அன்றைக்குக் காலையிலும் ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். அந்த அம்மாள் நீலநிறப் பீரோவை விட்டு நகரவே இல்லை. கதவைத் திறந்தாள், மூடினாள், உள் லாக்கரைத் திருகிப் பார்த்தாள், அடித்தட்டில் தட்டிப் பார்த்தாள், தன் முகத்தையும் பார்த்துத் தலையை ஒதுக்கிக்கொண்டாள்.

"நல்லா இருக்குல்ல?" என்றாள் புருஷனிடம்.

"நல்லாத்தான் இருக்கு. வரி பாதியாக் குறையுதாமே?" என்று அவன் மாப்பிள்ளையைக் கேட்டான்.

"சொல்றாங்க சார். எப்போன்னு தெரியலை."

"குறைஞ்சதும் வர்றோம். இதை எடுத்து வைங்க."

எடுத்து எங்கே வைப்பது, தலையிலா? பட்டறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மூத்தவளுக்கு வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டாள். எடுத்து வைக்கச் சொன்னவர்களே அதற்குள் பத்துப் பேருக்கு மேல் ஆகிவிட்டது. எவனும் முன்பணம் என்று ஒரு காசு வைக்கவில்லை. அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. நாளைக்குக் குறையப் போகிறது என்று மேலிருந்து ஒருவன் ஆசை காட்டினால் இன்றைக்கு எவன் கூடுதலாகக் கொடுப்பான்? அவளே வரி குறையட்டும் என்று புதுச் செருப்பு வாங்காமல் பிய்ந்ததைத் தைத்துத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். அது ஞாபகம் வந்ததும் அவளுக்குக் கோபம் இன்னும் கூடியது.

மதியம் சாப்பாட்டுக்கு மேலே போனார்கள். சோறும் பருப்பும், ஆளுக்கொரு அவித்த முட்டை. வெளியே காற்றே இல்லை. மழை வரப்போகிற புழுக்கம். இந்த ஈரக் காற்றில் பெயிண்ட் அடித்தால் வெளுத்துப் பூத்துப்போகும் என்பதால் கொல்லையில் கம்ப்ரசரும் சும்மா கிடந்தது. இளையவள் இரவு ட்யூட்டி முடித்துத் தூங்கி எழுந்த முகத்தோடு பரிமாறினாள்.

வெல்டர் முட்டையை உரித்துக்கொண்டே சொன்னான். "அண்ணி, பஸ் பாடி கட்டுற கம்பெனியிலருந்து ஆள் வந்தான். ரெண்டு வருஷத்துக்கு எழுதிக் கேக்கறாங்க. தங்க இடம் குடுக்கறாங்களாம்."

மூத்தவள் பிசைந்த சோற்றை அப்படியே விட்டாள். "எங்க?"

"தூரம்தான். ஒரு ராத்திரி ஒரு பகல் போகணும்."

"நீ என்ன சொன்னே?"

"ஞாயித்துக்கிழமை சொல்றேன்னேன்."

மாப்பிள்ளை வாயைத் துடைத்துக்கொண்டார். "எதுக்குடா அவசரம்? வெள்ளிக்கிழமை வரியைப் பத்திக் கருத்துக் கேக்க சட்டசபைக் குழு வருது. நம்ம தெருவையே பாக்க வர்றாங்க. வரி குறையுதுன்னு வை, உனக்கு நிக்க நேரம் இருக்காது."

"குறைஞ்சா என் வேலை போயிடும் மாமா," என்றாள் இளையவள்.

மாப்பிள்ளை தட்டை நகர்த்தி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரியில சொல்லிட்டாங்க. வரி குறைஞ்சா வருமானம் குறையுமாம். வருமானம் குறைஞ்சா முதல்ல தற்காலிக ஆளுங்களைத்தான் எடுப்பாங்களாம். எங்க சங்கத்துல எல்லாரையும் வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு வந்து குறைக்காதீங்கன்னு சொல்லச் சொல்லியிருக்காங்க."

"அப்போ நீ அங்க போய் எங்களுக்கு எதிராப் பேசப் போறியா?" மூத்தவள் கேட்டாள்.

"எதிராவா? எங்க வார்டுல நாப்பது பேருக்கு நாங்க ரெண்டே பேருதான் அக்கா. எங்களையும் எடுத்துட்டா அவங்களை யாரு பாக்கறது? உங்க மந்திரியா வந்து ஊசி போடுவாரு?"

"எங்க மந்திரியா? அந்தாளு எப்போடி எங்க வீட்டு ஆளானாரு?"

"வரியைக் குறை குறைன்னு கத்தறது நீங்கதானே!"

"கத்தறேன். கத்தாம? வாங்குறவன்கிட்ட வாங்கி, அப்பிடியே கொண்டுபோய்க் கட்டறது நானு. நடுவுல நின்னு திட்டு வாங்கறதும் நானு. அவங்க மாடி மேல மாடி கட்டறாங்க. உனக்குச் சம்பளம் குடுக்கணும்னா மட்டும் வருமானம் குறைஞ்சிடுமாம், கையைப் பிசையறாங்க. உன்னையும் என்னையும் மோத விட்டுட்டு அவங்க வேடிக்கை பாக்கறாங்கடி. அது தெரியலையா உனக்கு?"

இளையவள் குனிந்து கரண்டியை எடுத்தாள். மூத்தவளின் தட்டில் இன்னும் கொஞ்சம் பருப்பு ஊற்றினாள். கோபம் இருந்தாலும் ஊற்றத்தான் செய்தாள்.

வெல்டர் மெதுவாகச் சொன்னான். "குறைச்சா இவ வேலை போகும். குறைக்காட்டி நம்ம வியாபாரம் அடி வாங்கும். ரெண்டுல ஒண்ணு போகட்டும், அதுகூடப் பரவால்ல. ஒண்ணுமே சொல்லாம ரெண்டையும் தொங்க விட்டிருக்கான் பாருங்க, அதான் தாங்கலை. வெள்ளிக்கிழமை வந்து ஏதோ ஒண்ணு சொல்லட்டும் அண்ணி. எதைச் சொன்னாலும் நான் இருக்கேன். குறையாதுன்னு தெரிஞ்சா சனம் வாங்கத்தானே போகுது. ஒண்ணும் சொல்லாமப் போனா நான் கிளம்பறேன்."

மூத்தவள் அதைப் பிடித்துக்கொண்டாள். குறையட்டும், குறையாமல் போகட்டும். ஒரு பதில் வேண்டும். ஒரே ஒரு பதில் வந்தால் அவன் இருப்பான், பட்டறை இருக்கும்.

இந்த இடத்தில் பீரோக் கடைக்காரர்களிடம் உள்ள ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ஒரு பீரோ விற்றுப்போய், வண்டி வந்து ஏற்றுகிற வரைக்கும் கடையில் நின்றால், வாங்கியவர் யாரென்று கதவில் சாக்கட்டியால் எழுதிவிடுவார்கள். 'டெய்லர் வீடு', 'மூணாவது தெரு டாக்டர்', இப்படி. வேறொருவர் வந்து அதையே கேட்டால் விற்றாயிற்று என்று காட்டலாம். பெயர் எழுதிய பீரோ நாலு நின்றால் கடைக்கே ஒரு களை வரும். ஓடுகிற கடையில்தான் ஆள் ஏறும்.

விற்பனை படுத்த மறுவாரமே மாப்பிள்ளை அந்தச் சாக்கட்டியைக் கையில் எடுத்தார். விற்காத பீரோவில் எல்லாம் பெயர் எழுத ஆரம்பித்தார். 'ஸ்டேஷன் மாஸ்டர்' என்று ஒன்று. 'வக்கீல் அம்மா' என்று ஒன்று. ஊரில் இல்லாத ஒரு பேங்க் மேனேஜருக்கு ஒன்றல்ல, ஜோடியாக இரண்டு. எதிர்க்கடை அடுப்புக்கடைக்காரர் வந்து, "பரவாயில்லையே மாப்பிள்ளை, உங்களுக்கு மட்டும் ஓடுது" என்றால் இவர் மீசைக்குள் சிரித்துக்கொள்வார். அடுப்புக்கடைக்காரர்தான் வியாபாரிகள் சங்கத்துச் செயலாளர்.

"வியாழக்கிழமையே இதெல்லாம் துடைச்சிடுங்க. பாக்க வர்றவங்க என்ன நினைப்பாங்க?" என்று மூத்தவள் சொன்னாள்.

"துடைச்சா எதிர்க்கடைக்காரன் என்ன நினைப்பான்?"

"கடை படுத்துப்போச்சுன்னு நினைப்பான். உண்மைதானே?"

"உனக்குப் புரியாது. மனுஷனுக்கு ஒரு மதிப்பு வேணும்" என்று அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். அவள் தானே துடைத்திருக்கலாம். கையில் பட்டி துடைக்கிற துணிகூட இருந்தது. புருஷனின் மானத்தை எப்படித் துணியால் துடைப்பது என்று விட்டுவிட்டாள். அதை நினைத்து அப்புறம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஐந்து பேர், அவர்களுக்குப் பின்னால் ஃபைலைச் சுமந்துகொண்டு குறிப்பெழுத ஒரு அதிகாரி. அந்த அழகுக்கு அடுப்புக்கடைக்காரர் வேறு தெருவைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, எல்லாக் கடையிலும் விளக்கைப் போடச் சொல்லி, கூட்டமாக இருக்கட்டும் என்று அவரவர் சொந்தக்காரர்களையெல்லாம் கடைகளில் உட்கார வைத்திருந்தார். பெரிய மனிதர்கள் வரும்போது தெரு அழுது வடியக் கூடாதாம். அழுது வடிகிறோம் என்று காட்டத்தானே அவர்களைக் கூப்பிட்டது? அதைக் கேட்க அந்தத் தெருவில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

குழுத் தலைவர் பீரோக் கடையில் நுழைந்தார். ஒவ்வொரு கதவாகப் படித்தார். "ஸ்டேஷன் மாஸ்டர்... வக்கீல் அம்மா... பேங்க் மேனேஜர். அட, பேங்க் மேனேஜர் மறுபடியுமா?" என்று சிரித்தார். "எல்லாமே வித்துப்போச்சா?"

வாசலில் அடுப்புக்கடைக்காரரும் மற்ற கடைக்காரர்களும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் முகம் வியர்த்தது. "ஏதோ சார்... உங்க புண்ணியத்துல..." என்றார்.

"நல்லாத்தானே ஓடுது! வரியால வியாபாரமே நின்னுபோச்சுன்னு மனு மேல மனுவாப் போடறீங்க?" தலைவர் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி எழுதிக்கொண்டார்.

பட்டறை வாசலில் நின்ற மூத்தவளால் அதற்குமேல் முடியவில்லை. பட்டிக் கையோடு முன்னால் வந்தாள்.

"அதெல்லாம் பொய்ங்க. ஒண்ணுகூட விக்கலை. நாங்களா எழுதி வெச்சது."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். வாசலில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"பொய்யா?" என்றார் தலைவர்.

"ஆமாங்க. வெறும் கடையில ஆள் ஏற மாட்டாங்கன்னு எழுதினது. நீங்க வரியைக் குறைக்கப் போறீங்கன்னு யாருமே வாங்கலை. நீங்க பேச ஆரம்பிச்ச நாள்லருந்து என் கொழுந்தன் ஒரு தகடு பத்தவெக்கலை. குறைக்கறதுன்னா குறைங்க. குறைக்கலைன்னா இல்லைன்னு சொல்லிட்டுப் போங்க. ரெண்டுல எதைச் சொன்னாலும் நாங்க பொழைச்சுக்குவோம்."

தலைவர் அவளை நிதானமாக ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, கதவுல ஒண்ணு எழுதறீங்க, வாயால ஒண்ணு சொல்றீங்க. நாங்க எதை நம்பறது?" என்று கேட்டுவிட்டு, வந்தவர்களையும் பார்த்துச் சிரித்துவிட்டு, அடுத்த கடைக்குப் போனார். பின்னாலேயே தெருவும் போயிற்று.

ஏமாற்றியது யார்? சாக்கட்டியால் நாலு பெயர் எழுதிய மாப்பிள்ளையா, குறைக்கப்போகிறோம் என்று ஊரையே காத்துக்கிடக்க வைத்தவர்களா? அந்தக் கூடத்தில் தலை குனிந்து நின்றது என்னவோ மாப்பிள்ளைதான். மூத்தவளுக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது.

பிற்பகல் பள்ளிக்கூட மண்டபத்தில் கருத்துக் கேட்டார்கள். கடைக்காரர்கள் ஒரு பக்கம், ஆஸ்பத்திரிக்காரர்கள் மறு பக்கம், நடுவில் ஒரு மைக். இளையவள் பேசினாள், வார்டைப் பற்றி. மூத்தவள் பேசினாள், பட்டறையைப் பற்றி. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கைதட்டியது. ஐந்து பேரும் டீ குடித்தார்கள், பிஸ்கட் தின்றார்கள். கடைசியில் தலைவர் எழுந்து, எல்லாத் தரப்புக் கருத்துகளும் அரசின் பரிசீலனைக்கு அனுப்பப்படும், குழுவின் காலம் நீட்டிக்கப்பட்டிருக்கிறது என்று சொன்னார். எதுவரைக்கும் என்று கேட்பதற்குள் மைக்கை அணைத்துவிட்டார்கள். இரண்டு ஓரகத்திகளும் ஒரே ரிக்‌ஷாவில் வீடு திரும்பினார்கள். இறங்கும்போது இளையவள்தான் வாடகை கொடுத்தாள்.

சாயங்காலம், கடையில் விளக்கு ஏற்றுகிற நேரம். மாப்பிள்ளை மேலே போய்ப் படுத்துவிட்டார். மூத்தவள் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். இளையவள் ட்யூட்டிக்குக் கிளம்பி, கடைப்படியில் உட்கார்ந்து வெள்ளைச் செருப்பின் வாரைப் பூட்டிக்கொண்டிருந்தாள். அப்போது ஒரு ஆள் உள்ளே வந்தார். காலையில் ஃபைல் சுமந்து குறிப்பெழுதிய அதே அதிகாரி. இப்போது கையில் ஃபைல் இல்லை, முகத்தில் விறைப்பும் இல்லை.

"காலையிலேயே பாத்தேன். அந்த நீலக் கலர் நல்லா இருக்கு. எங்க வீட்டம்மா ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருக்கா. நாளைக்கு வண்டி அனுப்பினா ஏத்திடலாமா?"

மூத்தவள் எழுந்துவிட்டாள். இத்தனை நாளில் முதல் விற்பனை. ஒன்று போனால் போதும், ஞாயிற்றுக்கிழமைக்குள் கொழுந்தனிடம் எடுத்துச் சொல்லலாம். "தாராளமா ஏத்தலாம் சார். லாக்கர் பூட்டு புதுசு. திறந்து பாருங்க."

அவர் திறந்து பார்த்தார். மூடினார். குரலைத் தாழ்த்தினார். "பில் வேண்டாம்மா. அந்த வரியைக் கழிச்சுட்டு ஒரு விலை சொல்லுங்க."

அவளுக்குச் சிரிப்பதா என்ன செய்வதென்று தெரியவில்லை. காலையில் வரியைப் பற்றி எழுதிய அதே கை. படியில் இளையவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த வரியில்தான் தன் சம்பளம் இருக்கிறது என்று மண்டபத்தில் மைக் பிடித்துச் சொன்னவள். அவள் மெல்லச் சொன்னாள்: "குடுத்துடுங்க அக்கா. என் வீட்டுக்காரரு ஊரை விட்டுக் கிளம்பாம இருந்தாப் போதும்."

அதைக் கேட்டதும் மூத்தவள் நீலப் பீரோவின் சாவியைக் கையில் எடுத்தாள். கொடுத்துவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"கொஞ்ச நாள் பொறுத்தா பில்லோடயே கம்மியாக் கிடைக்குமே சார். குறையப் போகுதுல்ல?"

அவர் சிரித்துவிட்டார். "குறையறதா இருந்தா நான் ஏம்மா பில் வேண்டாங்கறேன்?"

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே உறைத்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்போ குறையாது," என்றாள் மூத்தவள்.

"நான் அப்பிடிச் சொல்லலை. பரிசீலனையில இருக்கு."

"உங்களுக்குத் தெரியும். எப்போலருந்து தெரியும்?"

"இதெல்லாம் மேல முடிவாகிற விஷயம்மா. மக்கள்கிட்ட கேக்கறதுன்னு ஒரு முறை இருக்கு, கேட்டுத்தான் ஆகணும். உங்களுக்கு இதெல்லாம் எதுக்கு? விலையைச் சொல்லுங்க."

"எதுக்கா?" அவள் குரல் தெருவுக்குக் கேட்டது. "முடிவு பண்ணிட்டு வந்தா எங்களைக் கேட்டீங்க? என் வீட்டுக்காரரை ஊர் முன்னாடி பொய்யராக்கிட்டு, இவளையும் என்னையும் எதிரெதிரா நிக்க வெச்சு மைக் குடுத்து, பிஸ்கட் தின்னீங்களே, அத்தனையும் வேடிக்கைக்கா? வாயைத் திறந்து 'இல்லை'ன்னு சொல்ல என்னய்யா கேடு உங்களுக்கு? இல்லைன்னா அடுத்த ஓட்டு போயிடுமா?"

"மரியாதையாப் பேசுங்க."

"மரியாதையாத்தான் பேசறேன். நான் வியாபாரத்துக்கு வந்த நாள்லருந்து திட்டிக்கிட்டே அந்த வரியைக் கட்டறேன். ஒரு நாள் ஏமாத்தினதில்லை. உங்களுக்கும் பில் போடறேன். பேரைச் சொல்லுங்க."

பேரைச் சொல்ல அவருக்கு என்ன பைத்தியமா? விடுவிடுவென்று படியிறங்கினார். இளையவள் காலை நகர்த்தி வழிவிட்டாள்.

மூத்தவள் விடவில்லை. அவர் பின்னாலேயே தெருவுக்கு இறங்கி, நட்டநடுவில் நின்று கத்தினாள். "வரி குறையாது! எல்லாரும் கேட்டுக்குங்க! குறையவே குறையாது! இனிமே யாரும் காத்துக்கிட்டிருக்க வேண்டாம், வாங்கறவங்க வாங்கலாம்!"

கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள். நடந்து போனவர்கள் நின்றார்கள். அடுப்புக்கடைக்காரர் ஓடிவந்து, என்ன ஏது என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் அந்த அதிகாரி போன திசையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"எழுத்துல ஏதாவது குடுத்தாரா?"

"எழுத்துலயா? வாய் தவறி வந்துச்சு, நான் என் காதால கேட்டேன். இவளும் கேட்டா."

"அதெல்லாம் செல்லாதும்மா. அவரு சின்ன அதிகாரி. இதை வெளியில சொன்னா குழு கோவிச்சுக்கும். குறையற மாதிரி இருந்ததையும் கெடுத்துடாதீங்க" என்று அவர் கையைக் கும்பிடுவது போல வைத்துக்கொண்டார்.

கையில் பையோடு நின்ற ஒருவர், "பேப்பர்ல வரட்டும்மா, பாக்கலாம்" என்றார். இன்னொருவர், "விக்கணும்கறதுக்காக இப்பிடி ஒரு வழியா?" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த இடத்திலேயே, குறையுமா குறையாதா என்று நாலு பேர் கூடி வாதாட ஆரம்பித்துவிட்டார்கள். சட்டசபையில் பேசுகிற அதே பேச்சு. ஆளாளுக்குக் காரணம் வைத்திருந்தார்கள்.

அவள் திரும்பினாள். பட்டறை வாசலில் வெல்டர் நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"தம்பி, பதில் கிடைச்சுடுச்சுப்பா. நீ கேட்டேல்ல, ஏதோ ஒண்ணு சொல்லட்டும்னு. குறையாதாம்."

"நமக்குக் கிடைச்சு என்ன அண்ணி பண்றது?" அவன் தெருவைக் காட்டினான். "வாங்குறவங்களுக்குக் கிடைக்கலையே. அவங்க இன்னும் காத்துக்கிட்டுத்தான் இருப்பாங்க. அதுவரைக்கும் நான் எதைப் பத்தவெக்கறது?"

இளையவள் படியிலிருந்து எழுந்து, நேரமாகிவிட்டது என்று ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். தெருமுனை வரைக்கும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனது தெரிந்தது.

திங்கட்கிழமை அவன் பஸ் ஏறினான். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே போனார். தேய்த்த சட்டை கசங்கினாலும் பரவாயில்லை என்று தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார். இளையவளுக்கு அன்று காலை ட்யூட்டி. லீவு கேட்டால் தற்காலிகக்காரர்களுக்கு லீவு கிடையாது என்றுவிட்டார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். மூத்தவள் ரொட்டிப் பொட்டலத்தை நீட்டி, "சூட்டோட தின்னுடு" என்று மட்டும் சொன்னாள்.

மழைக்காலம் முழுக்கக் கூடத்தில் நின்ற பீரோக்களைத் தினமும் அவள் துடைத்தாள். விட்டால் துரு ஏறும். மாப்பிள்ளை சாக்கட்டியைத் தொடவே இல்லை. யார் வந்தாலும் விலையைச் சொல்லிவிட்டு, "இன்னும் ஒண்ணும் சொல்லலைங்க" என்று தானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்.

மழை விட்ட பிறகு ஒருநாள் சட்டசபையில் மந்திரி எழுந்தார். பல்வேறு தரப்பு மக்களின் கருத்துகளையும் கவனத்துடன் ஆராய்ந்ததில், விற்பனை வரி இப்போதுள்ளபடியே தொடரும் என்றார். மேசையைத் தட்டினார்கள். வரி குறையாததால் இளையவளுக்கு வேலை நிரந்தரமாகியிருக்கும் என்று நினைத்தால் அதுவும் இல்லை. மறுபடி மூன்று மாதத்துக்கு நீட்டிக் கடிதம் கொடுத்தார்கள். மந்திரி சொன்ன அன்று மாலையே சனம் கடைத்தெருவுக்கு வந்துவிட்டது. வாங்காமல் தள்ளிப்போட்டதையெல்லாம் சேர்த்து வாங்க வந்தது. அந்த வாரம் முடிவதற்குள் கூடத்தில் நின்ற அத்தனை பீரோவும் வண்டியேறின. நீலப் பீரோவும் போயிற்று. மாப்பிள்ளை தம்பிக்குப் போன் போட்டார். ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கேன் அண்ணா, நடுவில் விட்டு வரமுடியாது என்று அவன் சொன்னான். வேறொரு வெல்டரைக் கூட்டிவந்து பார்த்தார்கள். அவன் முதல் கதவிலேயே ஓட்டை ஓட்டையாகப் போட்டுவிட்டு, இந்த வேலை நமக்கு ஆகாதுங்க என்று போய்விட்டான்.

அதற்கப்புறமும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். காலியான கூடத்தில் நின்று ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார். மடிக்கிற மெஷின், கம்ப்ரசர், வெல்டிங் செட், சுவரோரம் சாய்த்து வைத்த புதுத் தகடு எல்லாம் அப்படியே இருந்தன.

"எல்லாமே இருக்கேம்மா. ஒண்ணு செஞ்சு குடுங்களேன். முழு வரியும் குடுத்துடறேன்."

மூத்தவளின் கையில் பட்டி இல்லை. பட்டி பார்க்க ஒன்றும் இல்லாமல் உள்ளங்கை வெளுத்துப்போயிருந்தது. "செய்ய ஆளு போயிட்டாருங்க" என்றாள்.

"அடடா. எப்போ?"

"நீங்கள்லாம் குறையும்னு காத்துக்கிட்டிருந்தீங்களே, அப்போ."

அவர் மறுபடி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு பக்கத்துத் தெருவில் வேறு கடை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று அவள் வழி சொன்னாள்.